மாத்துறதுக்கு முன்னால அளந்து பாரு!



"புது வண்டின்னா கொஞ்சம் பெட்ரோல் வாடை அடிக்கத்தான் செய்யும். சவத்த விடு!"

"பழைய வண்டில்லா... வாடை அடிக்காம மல்லிப்பூ வாசமா அடிக்கும்? சவத்த விடு!"

நம் ஸ்ரீவைகுண்டத்தில் இந்த இரண்டு வைத்தியத்தையும் கேட்காதவர் இருக்க முடியாது. புதுசுக்கும் பழசுக்கும் ஒரே மருந்து, 'சவத்த விடு'! கொஞ்சம் பணம் உள்ளவர் என்றால் மருந்து மாறும். மூடியை மாத்து, ஹோஸை மாத்து, அதுக்கும் அடங்கலைன்னா டேங்கையே மாத்து. விடுவது ஒரு கட்சி, மாத்துவது ஒரு கட்சி. அளந்து பார்ப்பதற்குத்தான் கட்சியும் இல்லை, கொடியும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற்கிற வண்டியில் விடாமல் பெட்ரோல் வாடை வந்தால் அதை விடக்கூடாது. ஆவி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை, பொறுமையும் வரிசையும் போதும். அந்த வேலையைச் செய்ய நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவனை விடத் தகுந்த ஆள் இந்த ஊரில் கிடையாது. மூன்றையும் கீழே விளக்குகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் கேன்டீனில் வந்து சண்டை போடலாம்.

வண்டி தூங்கும் இடம்

நம் ஊர்த் தெருக்களை நினைத்துப் பாருங்கள். சன்னதித் தெருவாகட்டும், ஆற்றங்கரைப் பக்கமாகட்டும், வண்டிக்கென்று ஷெட் வைத்திருக்கிற வீடு எத்தனை? ராத்திரியானால் வாசல்படியில் பலகையைச் சாய்த்து வண்டியைத் தார்சாவில் ஏற்றுவோம். தார்சா இல்லாத வீட்டில் நேரே பட்டாசல்தான். ஒரு பக்கம் ஸ்கூட்டர், அதற்கு நாலடி தள்ளிப் பாய். அந்தப் பக்கம் அடுக்களை, காலையில் முதல் வேலையாகக் கேஸ் அடுப்பு. சுவரோரமாகச் சாமி விளக்கு, கட்டிலடியில் கொசுவத்தி.

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். பெட்ரோலின் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி. அதாவது நம் ஊர் மார்கழிப் பனியிலும் அது பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. காற்றில் சுமார் 1.4 சதவீதம் ஆவி கலந்தால் போதும், ஒரு பொறி பட்டால் எரியும்.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், கணக்குப் போட்டே பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி அறை முழுவதையும் 1.4 சதவீதத்துக்குக் கொண்டுவர ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் ஆவியாக வேண்டும். ஆவிக் கசிவில் அவ்வளவு வராது. 'அப்போ பயமில்லையே' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஆவி அறை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. வண்டியின் அடியில் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்குகிறது என்று வையுங்கள். அது 50 லிட்டர் இடம். அதில் 1.4 சதவீதம் என்றால் 700 மில்லி ஆவி. அந்த ஆவியைத் தர வேண்டிய பெட்ரோல் ஏறத்தாழ இரண்டரை மில்லி, அதாவது அரை டீஸ்பூன்! ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிற மழைக்கால ராத்திரியில் அரை டீஸ்பூன் பெரிய விஷயமா?

இதைத் தவிர, பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. வண்டி பக்கத்தில் படுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும்தான்.

காசு நஷ்டத்துக்காக நான் இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு 7 மில்லி ஆவியாகப் போனாலும் மாதம் 200 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் இருபது ரூபாய், இரண்டு டீக் காசு. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை! மைலேஜ் குறைந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். வாடை அடித்தால் ஓடுவதில்லை.

டேங்க் மூச்சு விடும்

பெட்ரோல் டேங்க் ஒரு மூடிய சட்டி இல்லை, அது மூச்சு விடுகிற பிராணி. வெயிலில் நின்றால் உள்ளே ஆவி பெருகி வெளியே தள்ளும். ராத்திரி குளிர்ந்தால் காற்றை உள்ளே இழுக்கும். 38 டிகிரிச் சூட்டில் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 60 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். வளிமண்டல அழுத்தமே 101தான். மே மாதம் நம் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் எப்படித் தவிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டிகளில் இந்த மூச்சு மூடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாக நேரே வெளியே போனது. அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி நாடு முழுக்க வந்தபோது இரு சக்கர வண்டியின் ஆவிக்கும் வரம்பு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6-ல் அது இன்னும் இறுகி, ஒரு சோதனைக்கு 1.5 கிராம் என்று ஆனது. இதற்காக வைத்ததுதான் கேனிஸ்டர் என்கிற கரி டப்பா. டேங்கின் மூச்சு ஒரு ரப்பர் குழாய் வழியாக அதற்குள் போகும், உள்ளே இருக்கும் கரி ஆவியைப் பிடித்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள வழியில் எங்கே ஓட்டை விழுந்தாலும் கரி டப்பா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அந்த 1.5 கிராமை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? காற்றுப் புகாத ஓர் அறைக்குள் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தி, எவ்வளவு ஆவி சேருகிறது என்று பார்க்கிறார்கள். நாமும் தினம் ராத்திரி அதைத்தான் செய்கிறோம். ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் அறைக்குள் யாரும் படுத்துத் தூங்குவதில்லை!

'நான் பொல்யூஷன் சர்ட்டிபிகேட் வச்சிருக்கேனே' என்று சிலர் சொல்லலாம். அந்தச் சோதனை சைலன்சர் வழியாக வருவதை மட்டும்தான் பார்க்கிறது. நிற்கிற வண்டியின் மூச்சை அது பார்ப்பதே இல்லை. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து, ஆவி போகும் வழியில் 1 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தாலே கம்ப்யூட்டர் கண்டுபிடித்து டாஷ்போர்டில் விளக்கைப் போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2000 மாடல் முதல் படிப்படியாக அது அரை மில்லிமீட்டர் ஆனது. நம் ஸ்கூட்டரில் அந்த வேலையை இன்றைக்கும் மூக்குதான் பார்க்கிறது.

நம் ஊருக்கென்று சில காரணங்கள்

ஆவிக் குழாய் கெடுவதற்கு எல்லா ஊரிலும் வெயில் ஒரு காரணம். நம் ஊரில் இன்னும் சில உண்டு.

முதல் எதிரி எலி. சுற்றிலும் வயலும் வாழையும். அறுப்பு முடிந்தால் எலிக்கு வீடுதான் கதி. சீட்டுக்கு அடியில் உள்ள மெல்லிய ரப்பர் அதன் பல்லுக்கு நல்ல வேலை.

இரண்டாவது, நம் கையே. 'மூடி வரைக்கும் ஊத்துங்கண்ணே' என்று பங்க்கில் கேட்டு வாங்குகிறோமே, அந்த மிச்சப் பெட்ரோல் சூடானதும் மூச்சுக் குழாயில் ஏறிக் கேனிஸ்டருக்குள் போகிறது. ஆவியைப் பிடிக்க வைத்த கரி திரவத்தில் நனைந்தால் பாழ். நாசில் தானாக நின்றதும் 'போதும்' என்று சொல்லிப் பழக வேண்டும்.

மூன்றாவது, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது. தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது வண்டிகள் ஹேண்டில்பார் வரை முங்கின. தண்ணீர் வடிந்த பிறகு ஆயில் மாற்றினோம், பிளக் மாற்றினோம், டேங்கைக் கழுவினோம். கேனிஸ்டரைக் கழற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்? பல வண்டிகளில் அது தாழ்வான இடத்தில்தான் இருக்கிறது. சேறும் தண்ணீரும் புகுந்த கரி டப்பா அதற்கப்புறம் ஒழுங்காக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்காவது, எத்தனால். நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தை எட்டியது, 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. இதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் சில எத்தனாலில் ஊறும், பிறகு காய்ந்து வெடிக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வாஷரையும் ஹோஸையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் கருவி பென்சில்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள். எப்போது வாடை வருகிறது?

பெட்ரோல் போட்ட அன்று மட்டும் வந்து மறுநாள் அடங்கினால் - அதிகம் ஊற்றியிருக்கலாம், அல்லது மூடி வாஷர்.

வெயிலில் நின்றால் மட்டும் வந்தால் - ஆவி வழி. அதாவது மூடி, மூச்சுக் குழாய், கேனிஸ்டர்.

எஞ்சின் ஓடும்போதும் நிறுத்தியவுடனும் வந்தால் - எரிபொருள் லைன். கார்புரேட்டர் வண்டி என்றால் மிதவை ஊசி சரியாக மூடாமல் வழிகிறதா என்று பாருங்கள்.

ஈரமோ கறையோ கண்ணில் பட்டால் - அது ஆவிக் கசிவே இல்லை, பெட்ரோல் ஒழுக்கு. வண்டியை அன்றைக்கே வெளியே நிறுத்தி, ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நோய் என்ன, அதற்குக் காரணம் என்ன என்று பார்த்த பிறகே மருந்துக்குப் போகச் சொன்னார் வள்ளுவர். நம் ஒர்க்‌ஷாப்புகளில் மருந்திலிருந்து தொடங்கி நோய்க்கு வருகிறோம்!

நூற்றைம்பது ரூபாய் லேப்

ஆவிக் கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய சர்வீஸ் சென்டர்களில் புகை மெஷின் உண்டு. அது நமக்கு எட்டாது. ஆனால் ப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் 'யு' குழாய் மானோமீட்டரை வரைந்து வரைந்து ரெக்கார்டு நோட்டை நிரப்பினோமே, அது எதற்கு? மார்க்குக்கு மட்டுமா?

தேவையான சாமான்கள்: கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் ஒன்றரை மீட்டர், மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச், மீன் தொட்டிக் கடையில் விற்கிற 'டி' இணைப்பு, துணி கிளிப் இரண்டு, ஒரு ஸ்கேல், சொட்டு நீலம், சோப்புத் தண்ணீர். எல்லாம் சேர்ந்து நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

டியூபை 'யு' போல ஒரு பலகையில் கட்டி, நீலம் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றுங்கள். ஒவ்வொரு காலும் 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அழுத்தம் மிஞ்சினால் தண்ணீர் மேலே வழிந்துவிடும், டேங்குக்கு ஒன்றும் ஆகாது. காசில்லாமல் ஒரு சேஃப்டி வால்வு!

சோதனை விடிகாலையில், திறந்த வெளியில், நிழலில், எஞ்சின் ஆறிய பிறகு. டேங்கில் பாதிப் பெட்ரோல் இருந்தால் நல்லது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். சில மாடல்களில் வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்கிற வால்வு நடுவில் உண்டு. மூடியை ஒருமுறை திறந்து சரியாக மூடி, கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் மூச்சுக் குழாயைக் கேனிஸ்டர் பக்கம் கழற்றி 'டி'யில் மாட்டுங்கள். 'டி'யின் இன்னொரு காலில் சிரிஞ்ச், மூன்றாவதில் மானோமீட்டர்.

எவ்வளவு காற்று தள்ள வேண்டும்? வளிமண்டல அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். நமக்கு வேண்டியது 30 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 3 சதவீதம். ஐந்து லிட்டர் டேங்கில் பாதி காலி என்றால் காலியிடம் 2500 மில்லி, அதில் 3 சதவீதம் 75 மில்லி. ஒன்றரை சிரிஞ்ச், அவ்வளவுதான். இரண்டாவது முறை சிரிஞ்சில் காற்றை இழுக்கும்போது அந்தக் காலைக் கிளிப்பால் கிள்ளிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு லாபமும் இருக்கிறது. ஐந்து மில்லி தள்ளியதுமே தண்ணீர் 30-க்கு எகிறினால் காற்று டேங்குக்குப் போகவே இல்லை, குழாய் நடுவில் அடைத்திருக்கிறது. எவ்வளவு தள்ளியும் தண்ணீர் ஏறவே இல்லை என்றால் பெரிய ஓட்டை.

30-ல் நிறுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள். அசையாமல் நின்றால் டேங்கும் குழாயும் குற்றமற்றவை. இறங்கினால் கசிவு. தானாக ஏறினால் டேங்க் சூடாகிறது. ஒரே ஒரு டிகிரி ஏறினாலும் தண்ணீர் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நகரும், அதனால்தான் விடிகாலை, நிழல் என்று அழுத்திச் சொல்கிறேன். அரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் இந்த அமைப்பில் தண்ணீர் சுமார் இருபது விநாடியில் சமமாகிவிடும். அமெரிக்கக் காரின் கம்ப்யூட்டர் தேடுகிற அதே ஓட்டையை நம் கொத்தனார் டியூப் பிடித்துவிடுகிறது!

ஒரு ஸ்கூட்டரின் கதை

எங்கள் வளவில் ஒரு அத்தை பி.எஸ். 6 ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்கள். நாலு மாதமாக ராத்திரி பட்டாசல் முழுக்க வாடை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் முதலில் மூடியை மாற்றினார்கள். அடுத்த முறை பெட்ரோல் ஹோஸ். மூன்றாம் முறை டேங்க்.

"தம்பி, டேங்கையே மாத்தணும்னு சொல்லுதாங்க. அவ்வளவு ரூவாய்க்கு நான் எங்க போவேன்?"

"கொஞ்சம் பொறுங்க அத்தை. ஞாயித்துக்கிழமை காலைல வாரோம்."

நானும் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் போனோம். 30 வரை ஏற்றினோம். இருபது எண்ணுவதற்குள் தண்ணீர் சமமாகிவிட்டது. கசிவு நிச்சயம். ஆனால் எங்கே? இங்கேதான் பாதி பாதியாகப் பிரிக்கிற முறை. மறுபடி ஏற்றி, டேங்குக்குப் பக்கத்தில் மூச்சுக் குழாயைக் கிளிப்பால் கிள்ளினோம். தண்ணீர் நின்றால் குற்றவாளி டேங்க் பக்கம். இறங்கினால் குழாய்ப் பக்கம். இறங்கியது, முன்னைவிட வேகமாக! பின்னே, அடைபட்ட இடம் சின்னதாகிவிட்டால் அதே ஓட்டை சீக்கிரமாகக் காலி செய்யத்தானே செய்யும்.

டேங்க் நிரபராதி. அதற்கு முன் மாற்றிய மூடியும் ஹோஸும்கூட நிரபராதிகள்தான். குழாயில் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தோம். சீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத திருப்பத்தில், கொப்புளம் கொப்புளமாக நுரை. விரல் வைத்துப் பார்த்தால் எலிப் பல் தடம்! பெட்ரோலுக்கென்றே உள்ள ரப்பர் ஹோஸ் ஓரடியும் கிளாம்ப் இரண்டும் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மாற்றிவிட்டு மறுபடி அளந்தோம். ஐந்து நிமிடத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து வாடையும் இல்லை.

மூக்கை மட்டும் நம்பியிருந்தால் இது கிடைத்திருக்காது. ஆவி கீழே இறங்கிப் பரவுவதால் வாடை கால் வைக்கும் பலகைப் பக்கம்தான் அடித்தது, ஓட்டையோ சீட்டுக்கு அடியில்.

மெக்கானிக் அண்ணாச்சி பக்கத்து நியாயம்

இதைப் படித்துவிட்டு மெக்கானிக்குகளைத் திட்டக்கூடாது. அவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. 'அரை மணி நேரம் சோதிச்சேன், நூறு ரூபா குடுங்க' என்றால் நாம் கொடுக்கிறோமா? 'என்னத்த மாத்தினீரு?' என்றுதானே கேட்கிறோம்! புது மூடியைக் கையில் காட்டினால் முந்நூறு ரூபாய் கொடுக்கிறோம், கண்டுபிடித்த மூளைக்கு முப்பது ரூபாய் கொடுப்பதில்லை. பார்ட்டுக்கு மட்டும் கூலி கொடுக்கிற ஊரில் பார்ட் மட்டும்தான் மாறும். நாளைக்கு நம்மில் பலர் ஒர்க்‌ஷாப் வைக்கப் போகிறோம். பில்லில் 'சோதனைக் கூலி' என்று ஒரு வரி எழுதுகிற தைரியம் நமக்கு வர வேண்டும். வாடிக்கையாளருக்கும் அதுதான் மிச்சம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சிக்கனம் வேறு, சாகசம் வேறு. இவற்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்.

1. தீக்குச்சி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை வைத்துக் கசிவு தேடாதீர்கள். தேடியது கிடைக்கும், தேடியவர் கிடைக்க மாட்டார்.

2. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை டேங்கில் மாட்டாதீர்கள். நமக்கு வேண்டியது அரை பி.எஸ்.ஐ.-க்கும் குறைவு. டயருக்கு அடிக்கிற 30 பி.எஸ்.ஐ. அதைப்போல் 70 மடங்கு.

3. வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். சிரிஞ்ச் எதற்கு இருக்கிறது?

4. பர்ஜ் வால்வைச் சோதிக்க வேண்டுமானால் கழற்றித் தூரமாகக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். பொதுவாகக் கரண்ட் இல்லாதபோது அது மூடியிருக்கும், காற்று போகக்கூடாது. 12 வோல்ட் தொட்டால் 'டிக்' என்று திறக்கும். அந்தத் தொடுதலில் பொறி வரும், ஆகவே வண்டிப் பக்கம் கூடவே கூடாது.

5. எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் இடையே உள்ள லைன் அழுத்தத்தில் இருக்கும். அது வீட்டு வேலை இல்லை. கசிவு அந்தப் பக்கம் என்று தெரிந்தால், தெரிந்ததை ஒரு சீட்டில் எழுதிச் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். அதுவே பாதி வேலை.

6. லெவல் டியூபை நிரந்தரமாக வண்டியில் மாட்டிவிடாதீர்கள். பெட்ரோல் பட்டால் அது விறைத்து வெடிக்கும். சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மூடி வழியாகவே மூச்சு விடுகிற பழைய வண்டிக்கு இந்த அழுத்தச் சோதனை பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வண்டியை ராத்திரி வெளியே நிறுத்துவதுதான் வழி.

பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

பேரவைக்கு ஒரு கோரிக்கை

டிப்ளமோ என்றால் ஒரு படி கீழே என்று நினைப்பவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் 'என்ன படிக்கே?' என்று கேட்டு, 'பாலிடெக்னிக்' என்றதும் 'ஓ...' என்று இழுப்பார்களே, அந்த 'ஓ'வுக்கு மேடையில் பேசிப் பதில் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டுப் பட்டாசலில் நிற்கிற வண்டியின் வாடையை நிறுத்திக் காட்டினால் பதில் தானாகக் கிடைக்கும்.

மாணவர் பேரவை ஆண்டுதோறும் விளையாட்டுக்கும் கலை விழாவுக்கும் செலவழிக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை, ஆசிரியர் மேற்பார்வையில், நம் ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப் வெளி முற்றத்தில் இலவச ஆவிக் கசிவுச் சோதனை நடத்தலாம். ஐந்து செட் கருவிக்கு ஆயிரம் ரூபாய் தாண்டாது. மெக்கானிக்கல் மாணவன் மானோமீட்டரைப் பார்க்கட்டும், எலக்ட்ரிக்கல் மாணவன் வால்வைப் பார்க்கட்டும், சிவில் மாணவன் லெவல் டியூபைக் கட்டித் தரட்டும். கொத்தனாரின் டியூப் அவர்கள் சொத்துதானே! எந்த வண்டியில் எந்த இடத்தில் கசிவு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். இரண்டு வருடத்தில் நம் வட்டாரத்தில் எது அதிகம் கெடுகிறது, எலியா, மூடியா, வெள்ளம் பார்த்த கேனிஸ்டரா என்று நம் கையிலேயே கணக்கு இருக்கும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு அது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். பலகை, டியூப், சிரிஞ்ச் மூன்றும் என்னிடம் தயாராக இருக்கின்றன. ஆதரிப்பவர்கள் கையை மட்டும் தூக்கினால் போதாது. உங்கள் வீட்டுப் பட்டாசலில் நிற்கிற வண்டியை ஒருநாள் காலையில் உருட்டிக்கொண்டு வாருங்கள்.

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் துறை